தம்பியின் வலது காலும் என் காரும்

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஆறு பேர். என் தம்பி, டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். அவன் மனைவி. அவளுடைய அண்ணன், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் டாக்டரம்மா. சர்ஜன். ஆறாவதாக நான், நீதிமன்றத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன், குடும்பத்தில் மூத்தவன். யார் யார் ஆஜர் என்று எழுதிவிட்டுத்தான் மற்றதை எழுதுவது என் தொழில் பழக்கம். ஏழாவது ஆள் அங்கே இல்லை. ஆனால் இன்று எங்கள் சொந்தத்தில் இருக்கிற அத்தனை பேரும் அந்த அறை ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்ததுபோலக் கதை சொல்கிறார்கள். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தம்பியின் வலது தொடையில், பின்பக்கம், உள்ளே ஆழமாக ஒரு கட்டி. வலி கிடையாது. பேன்ட் ஒரு பக்கம் மட்டும் இறுக்குகிறதே என்று தையற்காரரைத் திட்டிக்கொண்டிருந்தவன், மூன்றாவது பேன்ட்டும் அப்படியே இறுக்கியபிறகுதான் டாக்டரிடம் போனான். சார்கோமா என்றார்கள். தசையிலும் கொழுப்பிலும் வரக்கூடிய புற்றுநோயாம். முதலில் கீமோ, பிறகு அறுவை. கீமோவுக்குக் கட்டி அடங்கினால் அதை மட்டும் வெட்டியெடுத்துவிட்டுக் காலை விட்டுவிடலாம். அடங்காமல் காலுக்குள் பரவினால் கால் போகும். சர்ஜன் இதைச் சுற்றி வளைக்காமல் சொன்னார்.

"இடது கால்னா பரவாயில்ல டாக்டர், அது வெறும் கிளட்ச். வலது கால்லதான் சோறு திங்கிறேன்" என்றான் தம்பி.

அது விளையாட்டுப் பேச்சு இல்லை. கற்றுக்கொள்கிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பார். பக்கத்து சீட்டில் இவன். இவன் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கற்றுக்கொள்கிறவர் சுவரைப் பார்த்து வண்டியை விட்டால் இவன் அதை மிதிப்பான். ஊரில் பாதிப்பேர் உயிரோடு இருப்பதற்கு அந்த வலது கால்தான் காரணம். 'பிரேக் சார்' என்றுதான் அவனைக் கூப்பிடுவார்கள்.

கீமோ தொடங்குமுன் ஒரு ஸ்கேன் எடுத்தார்கள். அப்போது நான் வெளியூரில் இருந்தேன். புருஷனும் பெண்டாட்டியும் ரயிலேறிப் போய் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள். திரும்பி வந்து கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. அண்ணன் வீட்டு வாசலில் கார் நிற்கும்போது தம்பி ரயிலில் நின்றுகொண்டு போனான் என்றால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

"அடுத்த ஸ்கேனுக்கு நான்தான் கூட்டிட்டுப் போவேன்" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு அத்தான் சிரமம்?" என்றாள் தம்பி மனைவி.

"எனக்கு என்ன சிரமம்?"

"அதான், உங்களுக்கு இருக்காது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

என் வண்டியோட்டும் திறமையைப் பற்றி நானே சொல்லிக்கொள்ளக் கூடாது. தம்பி அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டிருந்த காலத்தில் லைசென்ஸ் எடுத்தவன் நான். இதுவரை என் பேரில் வழக்கு கிடையாது. காரில் தெரியும் கீறல்கள் அடுத்தவர்கள் போட்டவை; சில, தூண்கள் போட்டவை. ஊருக்கே வண்டி சொல்லிக்கொடுக்கும் என் தம்பி என் ஓட்டுதலைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. எங்கள் குடும்ப வழக்கமே அப்படி. மூத்தவர் ஓட்டினால் இளையவர்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். எங்கள் அப்பா ஓட்டும்போது நாங்களும் திறந்ததில்லை. இந்த மரியாதை கண்ணாடிக் கடைக்காரருக்குப் புரியாது. "அந்த வீட்ல பெரியவர் ஸ்டியரிங்கைப் பிடிச்சா, மத்தவங்க எல்லாம் சாமியைப் பிடிச்சுக்குவாங்க" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லியிருக்கிறார். என் காதுக்கு வந்தது.

கீமோ முடிந்து இரண்டாவது ஸ்கேனுக்கு நாள் குறித்தார்கள். அதற்கு முதல் நாள் மாலையே ஒரு ஒத்திகை பார்த்துவிடலாம் என்று தம்பியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பினேன்.

"உடம்பை அலட்டிக்காம ரெஸ்ட்ல இருக்கச் சொன்னாங்க அண்ணே" என்றான் கிளம்பும்போது.

"கார்ல உட்கார்றது ரெஸ்ட் இல்லாம வேற என்ன?"

அவன் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் வெறும் தண்ணீர் மட்டும் குடித்திருந்தான். பட்டினியாக வரவேண்டும் என்பது உத்தரவு. முன் சீட்டில் அவன். பின்னால் அவன் மனைவி. கூப்பிடாமலே வந்த கண்ணாடிக் கடைக்காரர் அவள் பக்கத்தில் ஏறி, தன் பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "நடு சீட் பெல்ட் சும்மாதானே கிடக்கு பெரியவரே, அதையும் சேர்த்து மாட்டிக்கலாமா?" என்று கேட்டார். நான் கண்ணாடியில்கூட அவரைப் பார்க்கவில்லை.

பயணம் நல்லபடியாகவே அமைந்தது. நெடுஞ்சாலையில் இரும்புக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று நடுவில் நின்று தடுமாறிக்கொண்டிருந்தது; அதற்கும் சாலையோரச் சுவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில் நுழைந்து தாண்டினேன். லாரிக்காரர் நீளமாக ஹாரன் அடித்து வழிவிட்டார். ரவுண்டானாவில் மற்றவர்கள் ஒதுங்காததால் இரண்டு சுற்று வரவேண்டியிருந்தது. தம்பி முழு வழியும் மௌனமாக வந்தான். ஒரே ஒரு தடவை மட்டும் "அண்ணே" என்றான்.

"என்னப்பா?"

"ஒண்ணுமில்ல அண்ணே. தாண்டிடுச்சு."

தம்பி மனைவி கண்ணை மூடியிருந்தாள். பாவம், ராத்திரி தூக்கமில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசலில் தம்பி இறங்கி, கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றான்.

"கால் நடுங்குதா?"

"லேசா."

"பட்டினி" என்றேன்.

உள்ளே அவனுக்கு ஊசி போட்டார்கள். அதில் இருப்பது ஒரு வகைச் சர்க்கரை. அதோடு கொஞ்சம் கதிர்வீச்சுப் பொருளை ஒட்டவைத்திருக்கிறார்கள். உடம்பில் எந்த இடம் சர்க்கரையை அள்ளி அள்ளித் தின்கிறதோ அந்த இடம் படத்தில் வெளிச்சமாகத் தெரியும். புற்றுநோய்க்குப் பசி அதிகமாம். ஊசி போட்டபிறகு அசையாமல், பேசாமல், தனி அறையில் படுத்திருக்க வேண்டும். கதவைச் சாத்திவிட்டு வந்த நர்ஸ், "எல்லாரும் பயந்துபோய்ப் புரண்டுக்கிட்டே இருப்பாங்க. இவர் தலையை வச்சதும் குறட்டை விடுறார்" என்று ஆச்சரியப்பட்டார்.

"வந்து சேர்ந்த நிம்மதி" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

மதியத்துக்கு மேல் எங்களை அந்த அறைக்குள் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறை, பெரிய திரை. திரையில் தம்பி இரண்டு தடவை நின்றுகொண்டிருந்தான்: இடப்பக்கம் கீமோவுக்கு முன், வலப்பக்கம் இன்று. உடம்பு சாம்பல் நிறம். பழைய படத்தில் தொடைக்குப் பின்னால் ஒரு நெருப்புத் துண்டு. புதிய படத்தில் அதே இடத்தில் அணைந்த கரி மாதிரி ஒன்று.

டாக்டரம்மா வயதில் சின்னவர். அளவுகோலை இழுத்து இரண்டு கட்டியையும் அளந்து காட்டினார்.

"அளவு அப்படியேதானே இருக்கு?" என்றேன். இத்தனை நாள் அவன் வாந்தியெடுத்ததெல்லாம் எதற்கு என்று எனக்குக் கோபம்.

"அளவை மட்டும் பார்த்தா அப்படித்தான் ஐயா தெரியும். இந்த மாதிரிக் கட்டி செத்தாலும் உடனே சுருங்காது. வீடு நிக்கும், உள்ளே ஆள் இருக்க மாட்டாங்க. ஆள் இருக்காங்களான்னு பார்க்கணும்னா உள்ளே சாப்பாடு போகுதான்னு பார்க்கணும். அதுக்குத்தான் இந்த ஸ்கேன். முன்னாடி அள்ளித் தின்னது. இப்ப தட்டையே தொடல."

"மாப்பிள்ளை, என் தங்கச்சி சமையலைச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அதுக்கும் நாக்கு செத்துப்போச்சு போலிருக்கு" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"அண்ணா, நீ வெளியே போய் உட்கார்" என்றாள் தங்கை. அவள் குரலில் கோபம் இல்லை. நீண்ட நாளுக்குப்பின் அவள் முகத்தில் ரத்தம் ஓடியது.

சர்ஜன் மட்டும் சிரிக்கவில்லை. அவர் விரல் தொடையின் முன்பக்கத்தில் நின்றது. "இது என்ன?"

இடுப்பிலிருந்து முழங்கால் வரை, முன்தொடை நெடுக ஒரு வெளிச்சம். முழங்காலுக்குக் கீழே கெண்டைக்காலிலும் அதே வெளிச்சம். பழைய படத்தில் அது இல்லை. இடது கால் இரண்டு படத்திலும் இருட்டாகவே இருந்தது.

"முன்னாடி இல்லாதது இப்ப வந்திருக்கு" என்றார் சர்ஜன். "நோய் தசை வழியா ஓடியிருந்தா, கட்டியை மட்டும் எடுத்துட்டுக் காலை விட என்னால முடியாது."

தம்பி தன் வலது முழங்காலை உள்ளங்கையால் மூடிக்கொண்டான்.

"எனக்கு இது நோய் மாதிரி தெரியல சார்" என்றார் டாக்டரம்மா. "நோய்னா உருண்டையா, திட்டுத் திட்டா வரும். இது தசை முழுக்க ஒரே சீரா இருக்கு. வேலை செஞ்ச தசையும் சர்க்கரை கேட்கும்." தம்பியின் பக்கம் திரும்பினார். "நேத்தும் இன்னைக்கும் வலது காலால என்ன பண்ணீங்க?"

தம்பி என்னைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான். "ஒண்ணும் பண்ணல டாக்டர்."

"ஓடினீங்களா? படி ஏறினீங்களா?"

"இல்ல."

"அப்படிப் பண்ணியிருந்தா ரெண்டு காலும் எரிஞ்சிருக்கும். இது ஒத்தைக் கால். பந்து கிந்து உதைச்சீங்களா?"

"இந்த வயசுலயா?"

கண்ணாடிக் கடைக்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது. தம்பி மனைவி கூரையில் எதையோ தேடினாள்.

"தெரிஞ்சவங்க யாராவது சொல்லிடுங்க" என்றார் சர்ஜன். "காரணம் இருந்தா ரெண்டு மூணு நாள் ரெஸ்ட் கொடுத்து மறுபடி படம் எடுத்துப் பார்ப்போம். இல்லைன்னா அந்தத் தசையில ஊசி விட்டுக் கிள்ளி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பணும், அறுவை தள்ளிப் போகும். நாள் போகப் போகக் காலுக்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன்."

என் தம்பி, குற்றவாளிக் கூண்டில் நிற்கிறவன் மாதிரிக் குனிந்து உட்கார்ந்திருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்றேன்.

"டாக்டர், எங்க குடும்பத்துல பொய் சொல்ற பழக்கம் இல்ல. நேத்து சாயங்காலம் இவன் என்கூடத்தான் இருந்தான். இன்னைக்குக் காலையிலயும் என்கூடத்தான். கால் தரையில படாம என் கார்ல கூட்டிட்டு வந்திருக்கேன்."

"யார் ஓட்டினாங்க?"

"நான்தான்."

"இவர் எங்கே உட்கார்ந்திருந்தார்?"

"எனக்குப் பக்கத்துல, முன் சீட்ல. நேத்தும் அங்கேதான்."

"இவர் என்ன வேலை பார்க்கிறார்?"

"டிரைவிங் ஸ்கூல் வாத்தியார்" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "வண்டி எப்படி வந்ததுன்னு கொஞ்சம் சொல்லுங்களேன். வழியில ஏதாவது லாரி, பஸ்..."

சாட்சி சொல்வதில் எனக்குத் தயக்கமே கிடையாது. வீட்டு வாசலிலிருந்து தொடங்கினேன். லாரியைச் சொன்னேன். அதற்கும் சுவருக்கும் இடையே எவ்வளவு இடம் இருந்தது என்று கையை விரித்துக் காட்டினேன். டாக்டரம்மா என் கையைப் பார்க்கவில்லை. அவர் கண் மேஜைக்குக் கீழே எங்கேயோ இருந்தது. ரவுண்டானாவைச் சொல்லும்போது சர்ஜனும் குனிந்தார். எதிரே வந்த பால் வண்டிக்காரர் எப்படி நடைபாதையில் ஏறி ஒதுங்கினார் என்று சொல்லும்போது, அந்த அறையில் ஒருவர்கூட என் முகத்தைப் பார்க்கவில்லை. இது மரியாதை இல்லையே என்று நானும் அவர்கள் பார்த்த இடத்தைப் பார்த்தேன்.

அங்கே என் தம்பியின் வலது கால் இருந்தது. குதிகால் ஊன்றி, முழங்கால் விறைத்து, செருப்பு தரையோடு தரையாக அழுந்திக்கொண்டிருந்தது. துணிக்கு மேலேயே தொடை முறுக்கேறுவது தெரிந்தது. நான் பேச்சை நிறுத்தினேன். கால் மெல்ல மேலே வந்தது.

"அப்புறம் அந்தச் சைக்கிள்காரர்..." என்று சோதனைக்காகத் தொடங்கினேன்.

கால் சட்டென்று கீழே போனது.

முதலில் சிரித்தது தம்பி மனைவி. சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அத்தான், தப்பா எடுத்துக்காதீங்க" என்றாள். "வீட்லேருந்து இங்க வர்ற வரைக்கும் அவர் காலை எடுக்கவேயில்ல. நேத்தும் அப்படித்தான். வந்து படுத்ததும் தைலம் தேய்ச்சுவிட்டேன்."

"என் கார்ல அந்தப் பக்கம் பிரேக்கே கிடையாதே" என்றேன்.

"அதான் அண்ணே அவ்வளவு அழுத்த வேண்டியிருந்துச்சு" என்றான் தம்பி.

"ஏன்டா, காலை எடுக்கணும்கிறாங்க. அப்பகூட உனக்குச் சொல்லத் தோணலையா?"

தம்பி தலையைச் சொறிந்தான். "சொல்லலாமா வேணாமான்னு யோசிச்சுக்கிட்டுதான் இருந்தேன் அண்ணே."

இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம். நான் சிரிக்கவில்லை. எனக்கு முன்னால் வாய் திறக்கக் கூடாது என்பதற்காகக் காலைக் கொடுக்கவும் ஒருவன் யோசித்துக்கொண்டிருந்தான். அவனை வளர்த்த எங்கள் குடும்பம் எப்படிப்பட்டது என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. ஆனாலும் அந்த நிமிஷத்தில் எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார்ந்தேன்.

"பெரியவரே, வண்டியில யாரோ ஒருத்தராவது பிரேக் போட்டிருக்காங்களேன்னு சந்தோஷப்படுங்க" என்றார் கண்ணாடிக் கடைக்காரர்.

"என் கார் பிரேக் நல்லாவே வேலை செய்யும்."

"அது எங்களுக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியுமான்னுதான்..."

"அண்ணா" என்றாள் தங்கை.

டாக்டரம்மா உதட்டைக் கடித்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி சொன்னார்: "மூணு நாள் முழு ரெஸ்ட். நாலாவது நாள் மறுபடி படம். வரும்போது இவர் பின் சீட்ல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு வரட்டும். ரோடே தெரியக் கூடாது. வண்டியை..." இந்த இடத்தில் அவர் நிறுத்தி என்னைப் பார்த்தார். "வண்டியை வேற யாராவது ஓட்டினா நல்லது ஐயா."

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருந்தால் தம்பி மறுபேச்சில்லாமல் என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருப்பான். அது எனக்குத் தெரியும். பையிலிருந்து சாவியை எடுத்தேன். அதைத் தம்பி மனைவியின் கையில் வைத்தேன். அவள் தம்பியிடம் வண்டி கற்றுக்கொண்ட முதல் ஆள்; அப்படிக் கற்றுக்கொடுக்கப் போய்த்தான் கல்யாணமே நடந்தது. இதை நான் தோற்றுப்போனதாகச் சிலர் சொல்கிறார்கள். தன் வண்டிச் சாவியை ஒருவன் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நான் கொடுத்தேன்.

அன்று வீடு திரும்பும்போதே அவள்தான் ஓட்டினாள். கண்ணாடிக் கடைக்காரரை ரயிலில் அனுப்பிவிட்டோம். தம்பி பின் சீட்டில் காலை நீட்டி, வண்டி ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன் தூங்கிவிட்டான். நான் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவள் மெதுவாகத்தான் ஓட்டினாள். மெதுவாக ஓட்டுவதும் ஒரு வகை ஆபத்து. இறங்கும்போது என் காலடியில் இருந்த விரிப்பு சுருண்டு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். அந்த விரிப்பு பழையது.

நாலாவது நாள் எடுத்த படத்தில் தம்பியின் வலது கால் இடது காலைப் போலவே இருட்டாக இருந்தது. முன்தொடை இருட்டு, கெண்டைக்கால் இருட்டு. கட்டி இருந்த இடத்தில் மட்டும் அதே அணைந்த கரி. சர்ஜன் திரைக்கு மிக அருகில் போய், மூக்கு தொடுகிற அளவுக்குப் பார்த்தார். பிறகு திரும்பி, "காலை விட்டுடலாம்" என்றார். தம்பி எழுந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான். நான் என் கைக்குட்டையை அவன் மனைவியிடம் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் தரவில்லை.

கட்டியை எடுத்தார்கள். பரிசோதித்ததில் அதில் பெரும்பகுதி ஏற்கெனவே செத்துப்போயிருந்ததாம். தம்பி கொஞ்ச காலம் கைத்தடியோடு நடந்தான். இப்போது மறுபடி டிரைவிங் ஸ்கூல் காரில் பக்கத்து சீட்டில் உட்காருகிறான். பிரேக் பழைய மாதிரியே விழுகிறது என்கிறார்கள். போன வாரம் ஒரு வேலையாக என் காரிலும் ஏறினான். பின் கதவைத் திறந்து பின் சீட்டில் உட்கார்ந்தான். பெரியவனுக்குச் சமமாக முன்னால் உட்காரக் கூடாது என்ற மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். கிளம்புமுன் "அண்ணே, அந்த இடதுபக்கக் கண்ணாடியைக் கொஞ்சம் விரிச்சு வச்சுக்கோங்க" என்றான். வாழ்நாளில் முதல் தடவையாகச் சொன்னான். நான் விரித்து வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கமும் வண்டிகள் வருவது தெரிந்தது.

கண்ணாடிக் கடைக்காரர் தன் கடையில் வைத்துப் பரப்புகிற கதைகளில் பலவற்றுக்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. ஒன்றுக்கு மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஸ்கேன் அறிக்கையில் என் பெயரைப் போட்டு, என்னோடு காரில் போகக் கூடாது என்று டாக்டரம்மா எழுதியிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அது பொய். அறிக்கையை நானே படித்தேன். என் பெயர் அதில் எங்கும் இல்லை. 'உறவினர் ஓட்டிய காரில் பயணம் செய்ததால்' என்று மட்டும்தான் இருக்கிறது.